துபாயிலிருந்து சென்னை ஏர்போர்ட்: டிவி, நகை, நீண்ட வரிசை – ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி குரோம்பேட்டை அம்மா ஒருத்தர் துபாய்ல இருந்து அனுப்பினது. முதல்ல படிச்சிடறேன்.

"நானும் வீட்டுக்காரரும் மூணு மாசம் துபாய்ல மகன் வீட்ல இருந்துட்டு அடுத்த மாசம் திரும்பறோம். மகன் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மருமகள் வந்து எட்டு மாசம் ஆகுது. அவங்களும் எங்க கூடவே லீவுக்கு வர்றாங்க. ஒரு 43 இன்ச் டிவி, மருமகள் வாங்கின 5 பவுன் நகை, ஊர்ல இருக்கிற மக வயித்துப் பேத்திக்கு 2 பவுன்ல வளையல், சின்னவனுக்கு ஒரு போன், இதெல்லாம் கொண்டு வரலாம்னு இருக்கோம். என் கழுத்துல இருக்கிற 10 பவுன் தாலிச் செயின் ஊர்ல இருந்து போட்டுட்டு வந்தது. போன தடவை வெளிய வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இந்தத் தடவை எப்படிச் சிக்கல் இல்லாம வர்றது?"

நல்ல கேள்விம்மா. வாங்கப்போற பொருள், யார் எத்தனை மாசம் அங்க இருந்தாங்க, எல்லாத்தையும் தெளிவா எழுதியிருக்கீங்க. நகைக்கான கஸ்டம்ஸ் விதி இந்த 'எத்தனை மாசம்'லதான் நிக்குது. நகை விஷயத்துல உங்க குடும்பத்துல இருக்கிற நாலு பேருக்கும் ஒரே சட்டம் கிடையாது.

அதுக்கு முன்னாடி வரிசையைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இப்ப சர்வதேச விமானங்கள்ல வர்றவங்க டெர்மினல் 2 வழியாத்தான் வெளிய வர்றாங்க. 2023 ஏப்ரல்ல திறந்த புதுக் கட்டடம். இடம் பெருசாயிடுச்சு, ஆனா வளைகுடா, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு விமானங்கள் நிறைய நள்ளிரவுல இருந்து விடியற்காலைக்குள்ள அடுத்தடுத்து வந்து இறங்குது. மூணு விமானம் அரை மணி நேரத்துக்குள்ள இறங்கினா அறுநூறு எழுநூறு பேர் ஒரே ஹால்ல நிப்பாங்க. கவுன்டர் எத்தனை இருந்தாலும் அந்த நேரத்துல வரிசை நிக்கத்தான் செய்யும். டிக்கெட் எடுக்கும்போது பகல்ல இறங்கற விமானம் கிடைச்சா, கொஞ்சம் கூட விலை இருந்தாலும் வயசானவங்களுக்கு அதை எடுங்க.

இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க வந்து இறங்கும்போது இமிகிரேஷனுக்கு எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம். குடும்பமா இருந்தா நாலு பேரும் ஒரே கவுன்டர்ல சேர்ந்து போகலாம். பாஸ்போர்ட் மேல போட்ட உறையைக் கழட்டி, போட்டோ பக்கத்தைத் திறந்து கையில வச்சுக்கோங்க. அந்தப் பக்கத்துல அடியில இருக்கிற ரெண்டு வரி எழுத்தைத்தான் மெஷின் படிக்குது. அது அழிஞ்சிருந்தாலோ, தண்ணி பட்டு ஊறியிருந்தாலோ, அதிகாரி கையால டைப் அடிக்கணும். அங்கதான் நேரம் போகும். குடும்பத்துல யாராவது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வச்சிருந்தா, 2025 அக்டோபர் 1ல இருந்து அவங்களுக்கு இ-அரைவல் கார்டு வந்திருக்கு. இந்தியாவுல வந்து இறங்கறதுக்கு முன்னாடி இருக்கிற 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அதுக்குப் பைசா கிடையாது. காசு கேக்கற தளம்னா அது அரசாங்கத் தளம் இல்ல.

உங்க மகன் மாதிரி அடிக்கடி போய் வர்றவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. எஃப்டிஐ-டிடிபின்னு உள்துறை அமைச்சகம் கொண்டு வந்த திட்டம். சென்னையில 2025 ஜனவரி 16ல ஆரம்பிச்சாங்க. இந்தியக் குடிமக்களும், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் கொடுக்கறது) வச்சிருக்கிறவங்களும் சேரலாம், இலவசம். ஆன்லைன்ல விண்ணப்பிச்சு, சரிபார்த்து ஒப்புதல் வந்ததும், கைரேகையையும் முகத்தையும் ஒரு தடவை நேர்ல பதிவு பண்ணணும். அது ஏர்போர்ட்லயும் பண்ணலாம், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல இருக்கிற எஃப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துலயும் பண்ணலாம். பதிவு அஞ்சு வருஷம் வரைக்கும் செல்லும். அதுக்குள்ள பாஸ்போர்ட் முடிஞ்சா பதிவும் அதோட முடிஞ்சிடும். பாஸ்போர்ட்டுக்குக் குறைஞ்சது 6 மாசம் ஆயுள் இருக்கணும். அதுக்கப்புறம் தானியங்கி கேட் வழியாப் போயிடலாம். நிறைய பேர் தடுமாறுற இடம் ஒண்ணு சொல்றேன். அந்த கேட்ல போர்டிங் பாஸையும் ஸ்கேன் பண்ணணும். விமானத்துலயே சீட் பாக்கெட்ல விட்டுட்டு இறங்கிடறாங்க, அப்புறம் பழைய வரிசைக்கே போக வேண்டியதாயிடுது. போர்டிங் பாஸைப் பாஸ்போர்ட்டுக்குள்ளயே வைங்க.

சரி, இப்ப கஸ்டம்ஸ். இமிகிரேஷன் தாண்டினதும் கைப்பையை எக்ஸ்ரேல விடுவாங்க. பெரிய பெட்டிகள் பெல்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்கேன் ஆயிடுது. சந்தேகம் வந்த பெட்டியில குறி போட்டு அனுப்புவாங்க. உங்க பெட்டியில சாக்பீஸ் குறியோ புது டேக்கோ இருந்தா அதை அழிக்காதீங்க, கிழிக்காதீங்க. அழிச்சா, மறைக்கப் பாத்தீங்கன்னுதான் அர்த்தமாகும்.

பெட்டி எடுத்ததும் பச்சை வழி, சிவப்பு வழின்னு ரெண்டு இருக்கும். இதை நம்ம ஜனங்க ரொம்பத் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. சிவப்பு வழியில போனா மாட்டிக்குவோம்னு நினைக்கிறாங்க. நிஜத்துல நேர் எதிர். பச்சை வழியில காலை வச்சீங்கன்னாலே 'என்கிட்ட வரி கட்ட வேண்டிய பொருள் எதுவும் இல்ல'ன்னு நீங்க வாக்குமூலம் கொடுத்த மாதிரி. அதுக்கப்புறம் பெட்டியில இருந்து டிவி வந்தா அது பொய்க் கணக்கு. பொருளைப் பறிமுதல் பண்ணலாம், வரிக்கு மேல அபராதமும் போடலாம். சிவப்பு வழியில நீங்களே போய்ச் சொன்னா, வரியைக் கட்டிட்டு ரசீதோட போயிட்டே இருக்கலாம். வரி கட்டறதுல எந்த அவமானமும் இல்லம்மா, தைரியமாப் போங்க. 'அதிதி'ன்னு கஸ்டம்ஸ் துறையோட ஆப் இருக்கு, அதுல கிளம்பறதுக்கு முன்னாடியே விவரத்தைப் பதிஞ்சிடலாம்.

இப்ப ஒவ்வொரு பொருளா வருவோம். டிவிக்குச் சலுகையே கிடையாது. 2013 ஆகஸ்ட்ல இருந்து எல்இடி, எல்சிடி, பிளாஸ்மா டிவி எதுவும் வரியில்லாமக் கொண்டு வர்ற இலவச வரம்புக்குள்ள வராது. முழு விலைக்கும் 38.5 சதவீதம் வரி. டிவி விலை நம்ம பணத்துல 30,000 ரூபாய்னா வரி 11,550. விலையைக் கஸ்டம்ஸ் அறிவிக்கிற மாற்று விகிதத்துலதான் கணக்குப் போடுவாங்க, கூகுள்ல பாக்கற விகிதத்துல இல்ல. பில்லுல விலையைக் குறைச்சு எழுதி வாங்கிட்டு வந்தா, மாடல் நம்பரைப் போட்டுத் தேடி அவங்களே விலை நிர்ணயம் பண்ணிடுவாங்க. இங்க 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு. அதனால தயவு செஞ்சு டிவியை விட்டுட்டு வாங்க. தி.நகர்லயோ உங்க குரோம்பேட்டையிலயோ வாரண்டியோட வாங்கிக்கலாம்.

போனுக்கு வருவோம். பொது இலவச வரம்பு 50,000 ரூபாயா இருந்தது, 2026 பிப்ரவரில வந்த புது பேக்கேஜ் விதியில (பயணிகள் கொண்டு வர்ற சாமானுக்கான விதி) ஒரு ஆளுக்கு 75,000 ஆக்கியிருக்காங்க. ஆனா ரெண்டு பேர் வரம்பைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. 95,000 ரூபாய் போனைக் கொண்டு வந்துட்டு 'நாங்க புருஷன் பொண்டாட்டி, ஆளுக்குப் பாதி'ன்னு சொன்னா எடுபடாது. அந்த 20,000 மிச்சத்துக்கு 38.5 சதவீதம், 7,700 ரூபாய் கட்டணும். அந்த ஆள் பெட்டியில வேற புதுப் பொருள் இருந்தா அதுவும் அதே 75,000க்குள்ள வரணும். நீங்க உடுத்தின துணி, பயன்படுத்தின சொந்தச் சாமான் இதுல சேராது. 18 வயசு ஆனவங்களுக்கு ஒரு லேப்டாப்பும் தனியா உண்டு.

நகைதான் முக்கியம், இதைக் கவனமாக் கேளுங்க. பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரியில்லாம கொண்டு வரலாம்னு எல்லாருக்கும் தெரியும். அதாவது 5 பவுனும் இரண்டரைப் பவுனும். புது விதியில பழைய ரூபாய் உச்சவரம்பை எடுத்துட்டாங்க, இப்ப எடை மட்டும்தான். ஆனா இந்தச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல குடியிருந்துட்டு வர்றவங்களுக்கு மட்டும். உங்க நாலு பேர்ல அது உங்க மகனுக்கு மட்டும்தான் பொருந்தும், அவருக்கு 20 கிராம். மருமகளுக்கு எட்டு மாசம்தான் ஆகுது, அவங்களுக்கு இந்த 40 கிராம் கிடையாது. மூணு மாசம் இருந்த உங்க ரெண்டு பேருக்கும் கிடையாது.

மருமகளுக்கு வேற ஒரு கதவு திறந்திருக்கு. ஆறு மாசம் வெளிநாட்டுல இருந்த இந்தியர், நடுவுல ஊருக்கு வந்து போன நாள் எல்லாம் சேர்த்து 30 நாளைத் தாண்டாம இருந்தா, 1 கிலோ வரைக்கும் தங்கத்தைக் குறைஞ்ச வரியில கொண்டு வரலாம். 2024 ஜூலை பட்ஜெட்ல அந்த வரியை 6 சதவீதமா இறக்கினாங்க. கிளம்பற வாரம் அன்னைய விகிதத்தைக் கஸ்டம்ஸ் தளத்துல ஒரு தடவை பாத்துக்கோங்க. இதுக்கு ரெண்டு நிபந்தனை. கல்லோ முத்தோ பதிச்ச நகைக்கு இந்தக் குறைஞ்ச வரி கிடையாது, சாதாரணத் தங்க நகையா இருக்கணும். அப்புறம், வரியை வெளிநாட்டுப் பணத்துலதான் கட்டணும். கையில இருக்கிற திர்ஹாமை எல்லாம் துபாய்லயே மாத்திட்டு வந்து இங்க கவுன்டர்ல முழிக்கிறவங்க இருக்காங்க. தேவையான திர்ஹாமை எடுத்து வைங்க, நகைக் கடை பில்லும் மருமகள் பேர்ல இருக்கட்டும்.

பேத்தி வளையலை நீங்க வாங்கிக் கொண்டு வந்தா உங்களுக்கு அந்தக் குறைஞ்ச வரியும் கிடையாது. இன்னைக்குப் பவுன் விக்கிற விலையில பொது வரம்பு ஒரு பவுனுக்குக் கூடக் காணாது. அதனால இன்னும் வாங்கலைன்னா இங்க வந்து செஞ்சு போடுங்க. இல்ல, அத்தை சீரா மருமகளே அவங்க பணத்துல வாங்கி, அவங்க பேர்ல பில் போட்டு, அவங்க பெட்டியில கொண்டு வந்து, 5 பவுனோட சேர்த்துக் கணக்குக் காட்டட்டும். தங்கக் காசு, பிஸ்கட் வாங்கற எண்ணம் இருந்தா அதுக்கு இலவச வரம்பு யாருக்குமே கிடையாது.

இப்ப உங்க தாலிச் செயின். போகும்போதே புறப்பாட்டுப் பகுதியில இருக்கிற கஸ்டம்ஸ் மேசையில ஏற்றுமதிச் சான்று வாங்கியிருந்தா பேச்சே இல்ல. நகையோட எடை, விவரம் எல்லாம் அதுல இருக்கும், திரும்பும்போது காட்டினாப் போதும். அடுத்த பயணத்துக்கு இதை மறக்காதீங்க. நகைக் கடை பில், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் கொடுத்த சான்று, நகையோட போட்டோ, பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாத்தையும் எடுத்துட்டு வழக்கத்தை விட ஒண்ணரை மணி நேரம் முன்னாடி போங்க. நகை கையில இருக்கணும், பெட்டியில போட்டு செக்-இன் பண்ணிட்டா அவங்க எதைப் பாத்து எழுதிக் கொடுப்பாங்க? இந்தத் தடவை வாங்கலைன்னா, பழைய கடை பில்லை வீட்ல இருக்கிறவங்க போட்டோ எடுத்து அனுப்பட்டும். அந்தச் செயினைப் போட்டுட்டு இருக்கிற பழைய கல்யாண போட்டோ, கிளம்பின அன்னைக்கு எடுத்த போட்டோ இருந்தாப் போன்ல வச்சுக்கோங்க. கேட்டா 'இது இங்க இருந்து போட்டுட்டுப் போனது'ன்னு காட்டுங்க. இலங்கையில இருந்து வந்த ஒரு புதுமணப் பெண்ணோட 11 பவுன் தாலிக்கொடியைப் பறிமுதல் பண்ணின வழக்குல, 2025ல சென்னை உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு. நியாயம் உங்க பக்கம் இருக்கு. ஆனா கோர்ட் வரைக்கும் போகாம இருக்க அந்த ஒரு தாள் போதும்.

நீங்க கேக்கலைன்னாலும் இதைச் சொல்லியே ஆகணும். துபாய் ஏர்போர்ட்ல யாராவது வந்து 'அம்மா, இந்தப் பார்சலைச் சென்னையில என் தம்பி வாங்கிக்குவான்'னு கெஞ்சினா வாங்காதீங்க. குருவி வேலைக்கு, அதாவது கடத்தல் பொருளைச் சுமந்துட்டு வர, வயசானவங்களையும் குழந்தையோட வர்றவங்களையும்தான் தேடிப் பிடிக்கிறாங்க. உங்க கையில இருக்கிற பொருள் சட்டப்படி உங்களோடது. கொடுத்தவன் ஓடிடுவான், விசாரணை உங்ககிட்ட நடக்கும்.

ஒருவேளை வரி கட்டப் பணம் பத்தலைன்னா? உண்மையைச் சொல்லிக் கணக்குக் காட்டின பொருளைக் கஸ்டம்ஸ் வசம் வச்சுட்டு, திரும்ப வெளிநாடு போகும்போது வாங்கிக்க வழி இருக்கு. கஸ்டம்ஸ் சட்டம் 80வது பிரிவு. உங்க மகன் லீவு முடிஞ்சு திரும்பத்தானே போறார், அவர் பொருளுக்கு இது பொருந்தும். எழுதிக் கொடுக்கற ரசீதுல எடை, எண்ணிக்கை சரியா இருக்கான்னு அங்கேயே படிச்சுப் பாருங்க. பறிமுதல்னு போனா, எதை எடுத்தாங்கன்னு எழுதற மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்க. வாக்குமூலம் புரியாத மொழியில இருந்தா தமிழ்ல படிச்சுக் காட்டச் சொல்லுங்க, படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. 'எனக்கு நோட்டீஸ் வேண்டாம்'னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுல கவனம். நோட்டீஸ் வந்து பதில் சொல்றது உங்க உரிமை. உத்தரவு கைக்கு வந்து 60 நாளுக்குள்ள மேல்முறையீட்டு ஆணையர்கிட்ட அப்பீல் பண்ணலாம்.

கடைசியா, பெட்டி வரலைன்னா. பெல்ட் நின்னதும் வெளிய வந்துடாதீங்க. அந்த ஹால்லயே விமான நிறுவனத்தோட மேசையில பிஐஆர்னு ஒரு புகார் படிவம் எழுதி நம்பர் வாங்குங்க. அந்தப் பெட்டியில என்னென்ன இருக்குன்னு கஸ்டம்ஸ்கிட்டயும் சொல்லி முத்திரை வாங்கிடுங்க. அப்பத்தான் ரெண்டு நாள் கழிச்சு வர்ற பெட்டிக்கும் உங்க 75,000 வரம்புல மிச்சம் இருக்கிறது கிடைக்கும். பெட்டி உடைஞ்சு வந்திருந்தா 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், தாமதமா வந்ததுக்கு நஷ்ட ஈடு கேக்கறதா இருந்தா பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள்ள.