அந்த 99ஐச் சந்தேகிப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நாளைய மருத்துவருக்கு முதலில் தர வேண்டியது தொட்டுப் பார்த்து நோயறியும் பயிற்சியா, புதிய தொழில்நுட்பப் பயிற்சியா? இதுதான் தலைப்பு. தொழில்நுட்பமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் தூக்கிக் காட்டி, "மருத்துவம் என்றால் இது" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். பாவம், அவர் எங்கள் அணிக்காகப் பேசிக்கொண்டிருந்தார்!

1816இல் பாரிஸில் ரெனே லேனெக் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அன்றைக்கு அதுதான் புதுக் கருவி. அதோடு அவர் நிற்கவில்லை. எந்தச் சத்தம் எந்த நோயைச் சொல்கிறது என்று, இறந்தவர்களின் உடற்கூறாய்வோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்து, 1819இல்தான் நூலாக எழுதினார். கருவி கிடைத்தது ஒரு நாளில், அதைப் படித்து முடிக்க மூன்று வருடம். நாங்கள் கேட்பது இந்தப் படிப்பைத்தான். பொத்தானை அமுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்துப் பேசிய சகோதரி போலந்து ஆய்வு ஒன்றைச் சொன்னார். 2025இல் வந்தது. பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்க்கும் மருத்துவர்களுக்கு, கட்டியைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவைக் கொடுத்தார்கள். அது பழகிய பின், அதன் உதவியில்லாமல் செய்த சோதனைகளில், கட்டி கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக இறங்கியிருந்தது. "பாருங்கள், கருவி கண்ணைக் கெடுக்கிறது" என்றார் சகோதரி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டார். அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். ஆளுக்கு 2000 சோதனைக்கு மேல் செய்து கை தேர்ந்தவர்கள். அடிப்படை உறுதியாக இருந்தால் கருவி தானாக வசப்படும் என்பதுதானே எதிரணியின் வாதம்? அடிப்படை உறுதியாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி. கருவியோடு எப்படி வேலை செய்வது, எந்தெந்த நாளில் அதை அணைத்துவிட்டுப் பார்ப்பது என்பதும் பாடமாக இருந்தாக வேண்டும் என்றுதான் எனக்கு இதில் தெரிகிறது.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1980களின் கடைசியில் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டு, திரையைப் பார்த்து எடுக்கும் முறை பரவியது. வயிற்றைத் திறந்து ஆயிரம் பித்தப்பை எடுத்த கைகள் ஆர்வமாக அதற்கு மாறின. பலருக்கு அதில் கிடைத்த பயிற்சி, ஒரு வார இறுதி வகுப்பு. நடந்தது என்ன? பித்தநீர் போகும் குழாயான பித்தநாளத்தில் காயம் ஏற்படுவது திறந்த அறுவையில் இருந்ததைவிட அதிகரித்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆழம் தெரியாத தட்டையான திரை. கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். விரலால் தடவிப் பார்க்க வழியில்லை. பழைய கை அங்கே புதுக் கை.

இப்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு வருகிறேன். சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. இரண்டும் விரலைக் கடக்கும்போது எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்கிறது. அது பார்ப்பது நிறத்தை, அவ்வளவுதான். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ரத்தமும் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் போலவே தெரியும். ஆள் மூச்சுக்குத் திணறுகிறார், தலை சுற்றுகிறது என்கிறார், கருவி 99 காட்டுகிறது. தோலின் நிறமும் அதைக் குழப்பும். கருவி நன்றாக இருப்பதாகக் காட்டியும் ஆக்ஸிஜன் உண்மையில் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்ததென 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

தோல் புற்றுநோயைப் படத்தில் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் கதை இன்னும் வேடிக்கை. சந்தேகப்பட்ட கட்டியின் பக்கத்தில் அளவுக்காக ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பது மருத்துவர்கள் வழக்கம். ஸ்கேல் இருந்தால் புற்றுநோய் என்று அது முடிவுகட்டிக்கொண்டது! கருவி பொய் சொல்லும் என்று எதிரணி சொல்வது உண்மைதான். அந்தப் பொய்யைப் பிடிப்பவர் யார்? கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தவர்தான்.

"இதையெல்லாம் சேர்த்தால் எதைக் குறைப்பீர்கள்?" என்று நடுவர் தொடக்கத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. உடற்கூறியலில் நான் கை வைக்க மாட்டேன். நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதிலும் மாட்டேன். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து அடுத்த வாரம் மறந்துபோகும் பட்டியல்களில் கை வைப்பேன். வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும் காரணம் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984இல் ஒரு கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். பெரும்பாலான புண்களுக்குக் காரணம் அந்தக் கிருமிதான் என்பது பின்னர் உறுதியானது. சக ஆய்வாளர் ராபின் வாரனோடு அவருக்கு நோபல் பரிசு வந்தது 2005இல். மனப்பாடம் செய்தவர்கள் பாதி வழியில் பாடத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

நடுவர் மணியை எடுத்துவிட்டார், இதோ முடிக்கிறேன். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். அந்தப் புகை நோயாளியின் நாடியைப் பிடிக்கிறீர்கள், வேகமாக ஓடுகிறது. நெஞ்சில் காது வைக்கிறீர்கள், காற்று போய்வருகிறது. கருவி 99 காட்டுகிறது. அவரை வீட்டுக்கு அனுப்புவீர்களா, ரத்தத்தை எடுத்துக் கார்பன் மோனாக்சைடு அளவு பார்க்கச் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால், அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எது?