டிரான்சிஸ்டரை ஊருக்குப் பொதுவாக்கிய வழக்கு

[திரையில்: பழைய மேசைத் தொலைபேசி. பேசுற பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணம் மாட்டப்படுது.]

இதுக்குப் பேரு ஹஷ்-ஏ-போன். நாம போன்ல பேசுறது பக்கத்துல இருக்கறவங்க காதுல விழாம இருக்க மாட்டிக்கற மூடி. கரன்ட் கிடையாது, ஒயர் கிடையாது. ஆனா இதை மாட்டக் கூடாதுன்னு அமெரிக்காவோட தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டி தடை போட்டுச்சு. தட்டிக் கேட்க வேண்டிய தொலைத்தொடர்பு ஆணையமே கம்பெனி பக்கம் நின்னுச்சு. 1956ல கோர்ட்டுக்குப் போய்தான் அந்த மூடிக்கு விடுதலை கிடைச்சது.

இதே கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸ்லதான், 1947 டிசம்பர்ல, மின் சிக்னலைப் பெருக்கற, ஆன்-ஆஃப் பண்ற குட்டிக் கருவியான டிரான்சிஸ்டர் பிறந்தது. ஒரு மூடிக்குப் பயந்த கம்பெனி எப்படி இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குச் செலவு பண்ணுச்சு?

[திரையில்: ஏடி அண்ட் டி – வெஸ்டர்ன் எலக்ட்ரிக் – பெல் லேப்ஸ், மூணு கட்டங்கள்.]

பதில் போன் பில்லுல இருக்கு. ஏடி அண்ட் டி அரசு கண்காணிப்புல இருந்த ஏகபோகம். செலவு இவ்வளவு, அதுக்கு மேல நியாயமான லாபம் இவ்வளவு, ஆகக் கட்டணம் இவ்வளவு. கணக்கு அப்படித்தான். ஆராய்ச்சிச் செலவையும் சந்தாதாரர் தலையிலேயே ஏத்திடலாம். போட்டியாளர் பயமில்லாததால பத்து வருஷம் பொறுத்துப் பலன் தர்ற ஆராய்ச்சியையும் தைரியமா எடுக்கலாம்.

கோளாறும் அங்கதான். போன் கருவிகளைச் செய்யறது அவங்களோட சொந்தக் கம்பெனி வெஸ்டர்ன் எலக்ட்ரிக். அது சொல்ற விலைதான் விலை. விலை கூடினா, அதுவும் பில்லுல சேர்ந்துடும். வெளிக் கம்பெனிக்கு உள்ள நுழைய வழியே இல்ல. 1949ல அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது இதுக்குத்தான்: வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கைத் தனியாப் பிரிக்கணும்.

தலைக்கு மேல வழக்கு தொங்கிட்டு இருக்கும்போது டிரான்சிஸ்டரைப் பூட்டி வெச்சா நல்லாவா இருக்கும்? 1952ல 25,000 டாலர் முன்பணத்துக்கு லைசென்ஸ் குடுத்தாங்க, கூடவே செய்முறையும் சொல்லிக் குடுத்தாங்க. காது கேட்கும் கருவிக்கு மட்டும் ராயல்டி வேண்டாம்னு விட்டுட்டாங்க, காது கேளாதவங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த கிரகாம் பெல் நினைவா. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லைசென்ஸ் வாங்குச்சு. அதோட டிரான்சிஸ்டர் வெச்சு 1954ல ரீஜென்சி டிஆர்-1 பாக்கெட் ரேடியோ வந்தது, விலை 49.95 டாலர். பிற்பாடு சோனின்னு பேர் மாத்திக்கிட்ட ஒரு சின்ன ஜப்பான் கம்பெனியும் அதே லைசென்ஸைத்தான் வாங்குச்சு.

1956 ஜனவரியில வழக்கு சமரசத்துல முடிஞ்சது. பாதுகாப்புத் துறை ஏடி அண்ட் டிக்குப் பரிஞ்சு பேசுச்சு, அதனால வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தப்பிச்சது. பதிலுக்கு ரெண்டு நிபந்தனை. கையில இருந்த 7,000க்கும் மேற்பட்ட பேட்டன்ட்களை அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ராயல்டி இல்லாமத் தரணும். தொலைத்தொடர்பைத் தாண்டி வேற தொழிலுக்குப் போகக் கூடாது.

அப்புறம் என்ன ஆச்சுன்னு பொருளாதார நிபுணர்கள் அந்தப் பேட்டன்ட்களை வெச்சே அளந்து பார்த்திருக்காங்க. அதுகளை அடித்தளமா வெச்சு வந்த புதுக் கண்டுபிடிப்புகள் கூடியிருக்கு, அதுலயும் முக்கியமா புதுசா வந்த சின்னக் கம்பெனிகள் மூலமா. ஆனா ஒரு இடத்துல மட்டும் அசைவே இல்ல: தொலைபேசிக் கருவிகள்.

[இங்க ஒரு நொடி நிறுத்தம்.]

காரணம் ரொம்பச் சாதாரணம். பேட்டன்ட் இலவசம், சரி. அதை வெச்சு நீங்க ஒரு நல்ல போன் செஞ்சா யார்கிட்ட விப்பீங்க? வாங்கற ஒரே பெரிய ஆள் ஏடி அண்ட் டி. அவங்க சொந்தத் தொழிற்சாலையை விட்டுட்டு உங்ககிட்ட ஏன் வரணும்? அறிவைத் திறந்து விட்டாங்க, சந்தையைத் திறக்கல. என்னைக் கேட்டா அந்தச் சமரசத்தோட பெரிய ஓட்டை இதுதான்.

அந்த ஓட்டையை அடைக்க ஆரம்பிச்சது 1968ல. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர், டூ-வே ரேடியோவைத் தொலைபேசியோட இணைக்கற கார்ட்டர்போனைச் செஞ்சிருந்தார். நெட்வொர்க்குக்குக் கேடு இல்லாத வெளிக் கருவிகளை மாட்டலாம்னு, முன்னாடி மூடியைத் தடுத்த அதே ஆணையம் இப்போ தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் மத்த கம்பெனிகளோட ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் வீட்டு லைன்ல தாராளமா ஏறுச்சு.

வேற தொழிலுக்குப் போகக் கூடாதுங்கற ரெண்டாவது நிபந்தனைக்கும் ஒரு சுவாரசியமான பலன் உண்டு. 1969ல பெல் லேப்ஸ்ல யூனிக்ஸ்ங்கற கம்ப்யூட்டர் ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாச்சு. கம்பெனி சாஃப்ட்வேர் வியாபாரத்துல இறங்க முடியாததால, சோர்ஸ் கோடோட சேர்த்து பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலைக்குக் குடுத்துட்டாங்க. பெர்க்லி மாணவர்கள் கைல அது எப்படியெல்லாம் வளர்ந்ததுங்கறது தனி வீடியோவுக்கான கதை.

1974ல அரசு மறுபடியும் வழக்குப் போட்டுச்சு. 1984 ஜனவரி 1ல உள்ளூர் சேவை ஏழு கம்பெனிகளாப் பிரிஞ்சது. தூரத்து அழைப்புல போட்டி வந்தது, கட்டணம் இறங்குச்சு. கூடவே, சந்தாதாரர் பில்லுல இருந்து சத்தமில்லாம லேபுக்குப் போன பணமும் குறைஞ்சது. பெல் லேப்ஸ் 1996ல லூசென்ட்ங்கற கம்பெனிக்குப் போச்சு, அங்கிருந்து அல்காடெல்-லூசென்ட், இப்போ நோக்கியா. பத்து வருஷம் காத்திருக்கற ஆராய்ச்சிக்கு யார் காசு குடுக்கறதுங்கற கேள்வியை, 1984ல அந்தக் கம்பெனியைப் பிரிச்சவங்க யாரும் தீர்த்து வைக்கல.