சுவர் கோணல் எண்டால் சாந்தால மறைக்காதேங்கோ

[காட்சி: கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டுத்திட்ட வீடு. பின்பக்கம் புதிதாகக் கட்டிய அறை. கூரை போட்டாயிற்று, உள்ளே இன்னும் பூச்சு இல்லை.]

வணக்கம். வன்னியில இப்ப கன வீடுகளில நடக்கிற வேலையைத்தான் காட்டப்போறன். 2012இல தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்தில ஐந்தரை லட்சம் ரூபாவைப் பகுதி பகுதியா வாங்கி, சனம் தாங்களே நிண்டு கட்டின வீடுகள் இவை. அப்ப பிள்ளையள் சின்னன். இப்ப வளர்ந்திட்டுதுகள், அறை காணாது. பின்னால ஒரு அறை இழுக்கினம். கல்லு முன்னப்பின்ன கிடந்தா, "பூசேக்க சரிப்பண்ணலாம்" எண்டு சொல்லிப்போடுவினம். அந்தப் பேச்சைத்தான் விடச் சொல்லுறன்.

நான் வேலை பழகின காலத்தில ஒரு குழிவை ஒரே தரத்தில இரண்டு அங்குலச் சாந்தால நிரப்பினனான். விடியப் பாத்தா சாந்து தன்ர பாரத்திலயே இறங்கி, வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது. தட்டினா உள்ளுக்குள்ள வெறுஞ்சத்தம். முழுக்கக் கொத்தி எடுத்தம். அந்த வீட்டு அம்மா திரும்பவும் சீமெந்து வாங்கினவ. அது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்.

[காட்சி: லிண்டலுக்கு (கதவு, யன்னலுக்கு மேல் போகும் கொங்கிறீற் விட்டம்) மேல் அடித்த ஆணியில் தூக்குக்குண்டு. நூலுக்கும் சுவருக்கும் இடையே அளவுநாடா, கிட்டத்தில்.]

முதல் வேலை அளவு. நூல் ஆடாமல் நிக்கட்டும். ஆணியடியில 25 மில்லிமீற்றர். லிண்டலில 16. நடுச்சுவரில 34. அடியில 30. இதில இடைஞ்சல் குடுக்கிறது நடுக்குழிவு இல்லை, லிண்டல். வார்க்கேக்க அடிச்ச பலகை விரிஞ்சு கொங்கிறீற் வெளிய தள்ளியிருக்கு. அதை அப்பிடியே விட்டு, அதுக்கு மேல 12 மில்லிமீற்றர் பூசினா, நடுவில 30 வரும். லிண்டலில ஒரு 8 மில்லிமீற்றர் கொத்தி எடுத்தா நடுவில 22 தான். உளியை மெல்லமாப் போடுங்கோ, கம்பி வெளிய தெரியக்கூடாது.

அந்த 22ஐயும் ஒரே தரத்தில போடாதேங்கோ. முதல் 10 பூசி, ஈரமா இருக்கேக்கயே கரண்டி நுனியால குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்கோ. நல்லா இறுகினாப் பிறகுதான் மற்றது. ஒரு அங்குலத்துக்கு மேல ஆழமான குழியெண்டால் கல்லுத்துண்டைச் சாந்தோட அழுத்தி அடைச்சு, காய விட்டிட்டுப் பூசலாம்.

[காட்சி: பழைய வீட்டின் வெளிச்சுவர். இப்போது புது அறையின் உள்சுவர்.]

இஞ்சதான் கனபேர் பிழைவிடுகினம். இந்தச் சுவர் இத்தனை வருசம் மழை வெயில் வாங்கினது. பெயின்ற் இருக்கு, அடியில பாசி இருக்கு, உப்புப் பூத்துக் கிடக்கு. சாந்து பெயின்றில பிடிக்காது. பெயின்றைச் சுரண்டி, உப்பைக் காய்ஞ்ச தூரிகையால தட்டி எடுத்து (தண்ணி ஊத்தினா உப்பு திரும்ப உள்ளுக்குப் போயிடும்), பிறகு இரண்டு விரல் இடைவெளிக்கு ஒண்டா முழுக்கக் கொத்துங்கோ. கை வைச்சா உள்ளங்கையில சொரசொரப்பு உறைக்கோணும். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு பரும்மணல், தண்ணியாக் கரைச்சு விசிறி அடியுங்கோ. அது முள்ளுமுள்ளா இறுகினாப்பிறகு பூச்சு விடவே விடாது.

சண்டைக்கு முந்தின சுவரெண்டால் இன்னொரு விசயம். சன்னம் பட்ட குழியள் இருக்கும். துருப்பிடிச்ச இரும்பு உள்ள கிடந்தா, துரு ஊதி, பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும், மஞ்சள் கறையும் வரும். சின்னத் துண்டை எடுத்துப்போட்டு அடையுங்கோ. என்ன பொருள் எண்டு தெரியாட்டி உளியை வைக்கவே வைக்காதேங்கோ. தள்ளி நிண்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ.

[காட்சி: பழைய சுவரும் புதுச்சுவரும் சேரும் மூலை.]

பழைய அத்திவாரம் இருந்து படிஞ்சிட்டுது. புதுசு இனித்தான் படியும். இரண்டும் சேருற இடத்தில ஒரே பூச்சா இழுத்தா, மாரி முடிய அதிலதான் வெடிக்கும். பூச்சு ஈரமா இருக்கேக்க மூலையில கரண்டியால நேர்க்கோடா ஒரு வெட்டு விடுங்கோ. வெடிச்சாலும் அந்தக் கோட்டுக்குள்ளயே நிக்கும். லிண்டலும் கல்லும் சேருற இடத்துக்குக் கோழிவலையை இரண்டு பக்கமும் அரையடி வாற மாதிரி ஆணியடிச்சு இழுங்கோ. வயரிங் பைப் எல்லாம் இதுக்கு முன்னமே பதிஞ்சிருக்கோணும்.

[காட்சி: சுவரில் கையால் தண்ணீர் தெளிக்கும் காட்சி, கிட்டத்தில்.]

கடைசியாத் தண்ணி. சோளகக் காத்து அடிக்கிற நாளில சுவர் சாந்தின்ர தண்ணியை உறிஞ்சிப்போடும், பூச்சு மாவா உதிரும். செங்கல்லெண்டால் நல்லா நனையுங்கோ. சீமெந்துக் கல்லுக்குத் தெளிச்சாக் காணும். ஒரு கை தண்ணி எறிஞ்சு பாருங்கோ. பட்ட உடன மறைஞ்சா இன்னும் தெளியுங்கோ. வழிஞ்சு ஓடினாப் பொறுங்கோ. கறுப்பா ஈரம் தெரிஞ்சு, தொட்டா கையில தண்ணி ஒட்டாட்டி, சாந்தைக் குழைக்கச் சொல்லுங்கோ.