மெதட்டுக்குள்ள போனது பலகையா, துண்டா? ஜாவா எண்ட நிரல்மொழி உண்மையில அனுப்புறது எதை?

ஒரே அரே (ஒரே வகைப் பெறுமதிகளின்ர வரிசை), ஒரே மெதட் (பேர் சொல்லிக் கூப்பிடுற நிரல் பகுதி). மெதட்டுக்குள்ள அ[0] = 40 எண்ட வரி வெளியில இருக்கிற அரேயையும் மாத்துது, அடுத்த வரி அ = நியூ இன்ட்[7] மாத்தேல்ல. ஏன்? வீடியோவை நிப்பாட்டி உங்கட விடையைக் கொமெண்ட்ல போடுங்கோ, பிறகு பாப்பம்.

இன்ட் (முழு எண்), டபிள் (தசம எண்), பூலியன் (உண்மை/பொய்) எண்டா மெதட்டுக்குப் பெறுமதியே கொப்பியாகிப் போகும். உங்கட மாறிக்கு ஒண்டும் ஆகாது. அது லேசு.

இப்ப அரேக்கு, திருகோணமலைக் கன்னியாவுக்கு வாங்கோ. ஏழு வெந்நீர்க் கிணறு. கிணத்தடியில ஏழு கட்டம் போட்ட பலகை ஒண்டு இருக்கெண்டு வையுங்கோ. ஒவ்வொரு கட்டத்திலயும் ஒரு கிணத்தின்ர சூடு. அதுதான் ‘சூடு’ எண்ட இன்ட் அரே. இண்டெக்ஸ், அதாவது கட்டத்தின்ர இலக்கம், 0 தொடங்கி 6 வரை. ஏழாவது கிணத்துக்கு 7 எண்டு எழுதினா ஓடேக்க எரர் அடிக்கும். சூடு[0] இல 38 போடுறம்.

‘மாத்து’ மெதட்டுக்கு, ‘அ’ எண்ட பராமீட்டரில (குடுக்கிறதை வாங்கிற மெதட்டின்ர மாறி), இதைக் குடுக்கேக்க பலகை போகாது. பலகை இருக்கிற முகவரி எழுதின துண்டுதான் போட்டோகொப்பியாகிப் போகுது.

திரையில: அ[0] = 40
மெதட் துண்டைப் பாத்து கன்னியாவுக்கே போய், முதல் கட்டத்தை அழிச்சு 40 எண்டு எழுதுது. வெளியில பிரின்ட் பண்ணினாலும் 40.

திரையில: அ = நியூ இன்ட்[7]
இப்ப தன்ர கொப்பியில கன்னியாவை வெட்டிப்போட்டு நிலாவெளி எண்டு எழுதுது. அங்க புதுப் பலகை, ஏழு கட்டத்திலயும் 0. அதில 99 போட்டாலும் கன்னியாவில 40 தான். உங்கட கையில இருக்கிற துண்டில ஒரு எழுத்தும் மாறேல்ல!

ஜாவாவில அரேயும் ஒரு ஒப்ஜெக்ட்தான். அதால “ஜாவாவில ஒப்ஜெக்ட் பாஸ் பை ரெஃபரன்ஸ்” (உங்கட மாறியையே குடுக்கிறது) எண்டு பரீட்சையில எழுதாதேங்கோ. ஜாவா எப்பவும் பாஸ் பை வேல்யூ (பெறுமதியின்ர கொப்பியைக் குடுக்கிறது). ஒப்ஜெக்ட் எண்டா அந்த வேல்யூ ஒரு முகவரி. சந்தேகமெண்டா ரெண்டு ஒப்ஜெக்ட்டை மெதட்டுக்குள்ள இடம் மாத்திப் பாருங்கோ, வெளியில மாறாது. சி ஷார்ப் எண்ட மொழியில பராமீட்டருக்கு ‘ரெஃப்’ போட்டா மாறும்; அங்க உங்கட சொந்தத் துண்டிலயே கை வைக்கலாம்.

பராமீட்டருக்கு ‘ஃபைனல்’ போட்டா காப்பெண்டு கனபேர் நம்பினம். அது துண்டை வெட்டி எழுத மட்டும் விடாது. பலகையில 40 எழுதுறதைத் தடுக்காது. பலகையைக் காப்பாத்த சூடு.குளோன்() ஐ, அதாவது பலகையின்ர கொப்பியைக் குடுங்கோ. ரெண்டு பரிமாண அரே (அரேக்குள்ள அரே) எண்டா அதுவும் காணாது: வெளி அரேயில இருக்கிறதும் துண்டுகள்தான், குளோன் அந்தத் துண்டுகளை மட்டும் கொப்பி பண்ணும். ஒவ்வொரு வரிசையையும் லூப் போட்டுத் தனித்தனியா குளோன் பண்ணுங்கோ.