குடற்புழுவும் புற்றுநோயும்: காரைக்குடியில் ஆற்றிய உரை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

வயிற்றுப்பூச்சி நாள்பட்டால் புற்றுநோயாகிவிடுமா என்று நோயாளிகளின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பூச்சி எதுவும் புற்றாக மாறுவதில்லை. ஆனால் ஓர் ஒட்டுண்ணி உடம்பின் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, அங்குள்ள திசு புண்ணாவதும் ஆறுவதும் மீண்டும் புண்ணாவதுமாக இருந்தால், அவ்விடத்துச் செல்கள் கட்டு மீறிப் பெருகக்கூடும் என்பது மூன்று புழுக்களைப் பொறுத்தவரை ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தாய்லாந்தின் வடகிழக்கில் மிகுந்துள்ள ஒபிஸ்தோர்கிஸ் விவெரினி என்னும் ஈரல் தட்டைப்புழுவையும், ஆப்பிரிக்காவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் காரணமாகும் சிஸ்டோசோமா ஹீமடோபியம் என்னும் புழுவையும், புற்றுநோயை உறுதியாக உண்டாக்குபவற்றின் பட்டியலில் 1994இல் சேர்த்தது. கிழக்காசியாவின் குளோனார்கிஸ் சைனென்சிஸ் என்னும் மற்றோர் ஈரல் தட்டைப்புழு 2009இல் சேர்ந்தது. ஈரல் தட்டைப்புழுக்கள் இரண்டும் வேகாத நன்னீர் மீன் வழியாக வந்து பித்தக் குழாயில் தங்குபவை. அயிரையானாலும் கெண்டையானாலும் புளி கரைத்துக் கொதிக்கவிட்டே உண்ணும் நம் வீடுகளில் அவற்றுக்கு வழியில்லை.

நம் பக்கத்தில் காணப்படும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மூன்றும் அப்பட்டியலில் இல்லை. இதில் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது என்பதற்கு டென்மார்க்கைச் சேர்ந்த யோகன்னஸ் பிபிகரின் கதையே போதும். கரப்பான் பூச்சி வழியாக எலியின் இரைப்பையில் சேரும் ஒரு புழு புற்றை உண்டாக்குகிறது என்று கண்டதாக அவருக்கு 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கட்டிகள் புற்றே அல்ல, எலிகளின் தீவனத்தில் வைட்டமின் ஏ குறைந்திருந்ததற்கும் அவற்றில் பங்குண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆயினும், பூச்சியின் பெயரால் புற்றுநோய் மறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். என் மனத்தை மிகவும் வருத்துவது அதுதான். கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சுவதால் சோகை வரும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் புற்றும் வலியில்லாமல் சிறுகச் சிறுக இரத்தம் கசியவிட்டு அதே சோகையைத் தரும். அறுபது வயதைக் கடந்த அப்பச்சி வெளுத்துப்போய், முகப்புத் திண்ணை ஏறும்போதே மூச்சு வாங்கினால், வேப்பங்கொழுந்து உருண்டையும் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்து மாதங்களைக் கடத்திவிடுகிறோம். அந்த வயதில் இரத்தம் குறைந்தால், மலத்தில் பூச்சி முட்டை தென்பட்டாலும்கூட, குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்துவிட வேண்டும்.

இனி, நான் அதிகம் அஞ்சும் புழுவுக்கு வருகிறேன். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்பது இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள, கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழு. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் வெளியே மண்ணில் பக்குவப்பட்ட பிறகே மீண்டும் தொற்றும். இதன் குஞ்சுகளோ குடலுக்குள்ளேயே முதிர்ந்து, அதே உடம்பை மறுபடி தொற்றிக்கொள்கின்றன. இரண்டாம் உலகப் போரில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் சிலரின் குடலில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இப்புழு உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது. அப்பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழரும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆளனுப்பிய நம் ஊர்கள் அந்தச் செய்தியை அயலார் கதையாகக் கேட்க முடியாது.

இத்தனை காலம் ஓசையின்றி இருந்த புழு, புற்றுநோய்க்கு மருந்து தொடங்கும்போது, குறிப்பாக டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் உடம்பின் காவலைத் தளர்த்தும்போது, கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. குஞ்சுகள் குடலைத் துளைத்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகின்றன. போகும்போது குடற்கிருமிகளையும் இரத்தத்தில் கொண்டு சேர்க்கின்றன. புற்றுநோயிலிருந்து மீளக்கூடியவர்கள் இதனால் இறந்துபோவதுண்டு.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் பள்ளிகளில் தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கு நல்ல மருந்து; ஒரே வேளை தரும் அந்த மாத்திரைக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் பெரும்பாலும் அசைந்து கொடுப்பதில்லை. அதற்குரிய மருந்தான ஐவர்மெக்டினை மருத்துவர்தான் எடை பார்த்துத் தரவேண்டும். இக்குஞ்சுகள் எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லையாதலால், ஒரு நாள் பரிசோதனையில் இல்லையென்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், வெவ்வேறு நாள்களில் மூன்று முறையாவது மலம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்கேனும் புற்றுநோய்க்கோ ஆஸ்துமாவுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதப்போகிறார்கள் என்றால், அவர் வயலிலும் செங்கல் சூளையிலும் வெறுங்காலோடு எத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தார் என்பதை, கேட்காவிட்டாலும் நீங்களே மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.