வெறும் கலவையா, வேறு ஏதாவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணியெடுக்கப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் தாண்டிவிடும் சந்து ஒன்று. அதில் ஆறடி அகலத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. போன மாதம் சார்ஜிங் பின் மாற்றுவதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மடிக்கிற போன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். நட்டநடுவில், மடிப்பு விழும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு. கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "காம்போதான் மாத்தணும்ணே" என்று, திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த செட்டுக்கு விலையைச் சொன்னார். வந்தவர் பதில் பேசாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைக்காரரின் மகன் பாலிமர் படித்தவன். நான் காப்புரிமை முகவர், அதாவது பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் என்பது அவனுக்குத் தெரியும். லாங் சைஸ் நோட்டுக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஷீட்டை எடுத்தான். நோட்டின் மேலேயே வைத்தான். கீழே இருந்த எழுத்து அப்படியே தெரிந்தது. பிறகு அதை ஒரு பால்பாயிண்ட் ரீஃபில் மேல் சுற்றிக் காட்டினான். விரித்தபோது தழும்பு இல்லை. "கண்ணாடி நூல் துணியும் ரெசினும் சார். இதுக்கு பேட்டன்ட் கிடைக்குமா?"

இன்றைய உரை அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எதை வளைத்தாலும் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுவில் ஒரு தளம் இரண்டுக்கும் ஆளாகாமல் இருக்கும். தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால், வெளித்தோல் எவ்வளவு இழுபடுகிறது என்று வந்துவிடும். ரீஃபிலின் குறுக்களவு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், ஆகவே ஆரம் ஒன்றரை. 50 மைக்ரான் ஷீட்டை அதில் சுற்றினால் இழுப்பு சுமார் 1.7 சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் தொடுதிரையில் மின்சாரம் ஓட்டுகிற இண்டியம் டின் ஆக்ஸைடு பூச்சுக்கு இந்த அளவே விரிசல் விடும் எல்லை. அதனால்தான் அடுக்குகளை அமைக்கிறவர்கள் அந்தப் பூச்சை நடுத்தளத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்கப் பார்க்கிறார்கள்.

பிளாஸ்டிக்கிலேயே செய்தால் என்ன? ரிப்பேர் கடைகளில் சூடு தாங்குவதற்காக ஒட்டுவார்களே, அம்பர் நிற மஞ்சள் டேப், அது பாலிஇமைடு. சூட்டுக்கு அசையாது, ஆனால் மஞ்சள். நிறமில்லாத பாலிஇமைடும் வந்தது. 2019-இல் வந்த சாம்சங்கின் முதல் மடிப்பு போனுக்கு மேல் தோல் பிளாஸ்டிக் படலம்தான். அடுத்த ஆண்டே அவர்கள் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக்குப் போனார்கள். பிளாஸ்டிக்கில் கீறலும் மடிப்புத் தழும்பும் விழும், கண்ணாடி குத்துப்பட்டால் உடையும். இந்த இரண்டுக்கும் நடுவே நுழையப் பார்க்கிறதுதான் கூட்டுப்படலம்: கண்ணாடி இழையும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்த ஷீட்.

காசிமேட்டில் நிற்கிற ஃபைபர் போட்டும் இதே குடும்பம்தான். கண்ணாடி இழை, ரெசின். அந்தப் படகின் ஊடே யாராவது பார்க்க முடியுமா? முடியாது. இதற்கு விடை பஜ்ஜி கட்டிக் கொடுக்கிற காகிதத்தில் இருக்கிறது. எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காகித நாருக்கு அது ஒன்றரைக்கு மேல், இடையில் இருக்கும் காற்றுக்கு ஒன்று. ஒவ்வொரு நாரிலும் வெளிச்சம் முட்டிச் சிதறுவதால் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. காற்றிருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டதும் வித்தியாசம் குறைந்து, வெளிச்சம் தடுக்காமல் ஊடே போகிறது. இழைக்கும் பிசினுக்கும் ஒளிவிலகல் எண்ணை ஒன்றாக்கிவிட்டால் இழை கண்ணுக்கு மறைந்துவிடும். பையன் செய்தது இதைத்தான்.

இங்கேதான் அவனுக்கு முதல் ஏமாற்றம் காத்திருந்தது. இந்தத் தத்துவம் 1884-இலேயே டென்மார்க்கின் கிறிஸ்டியன்சென் என்ற இயற்பியலாளர் காட்டியது. கண்ணாடித் தூளையும் அதே ஒளிவிலகல் எண் கொண்ட திரவத்தையும் சேர்த்துத் தெளியவைத்தவர் அவர். ஆகவே "ஒளிவிலகல் எண்ணை ஒத்துப்போகச் செய்த கூட்டுப்படலம்" என்று மொத்தமாக எழுதி யாரும் இன்று உரிமை கேட்க முடியாது. புதுமை அங்கேயே அடிபட்டுப்போகும்.

அடுத்தது நம் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. எவற்றுக்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் வரிசையாகச் சொல்கிறது. அதிலே 3(டி) பிரபலமானது. 2013-இல் கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில் உச்சநீதிமன்றம் அதை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னது. அந்த விண்ணப்பம் நம் சென்னை அலுவலகத்தில் போடப்பட்டது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. ஆனால் படலம், பூச்சு, பசை செய்கிறவர்களைப் பிடிப்பது பக்கத்து வீடான 3(ஈ). பொருள்களைக் கலந்ததில், அவற்றின் குணங்கள் ஒன்றாகக் கூடி நிற்பது மட்டுமே கிடைத்தால், அது வெறும் கலவை, அதற்குக் காப்புரிமை இல்லை.

பொரியும் கடலையும் கலந்தால் பொரியின் ருசியும் கடலையின் ருசியும்தான் கிடைக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் போட்டு மென்று பாருங்கள். வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. வாயோ சிவக்கிறது! விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிற காப்புரிமை அலுவலகத் தேர்வாளர் தேடுவது அந்தச் சிவப்பை. இழை வலு கொடுத்தது, பிசின் வளைந்து கொடுத்தது என்று எழுதினால் அது பொரிகடலைக் கணக்கு. இரண்டும் தனித்தனியாகத் தராத ஒன்று, அல்லது இரண்டையும் கூட்டினால் எதிர்பார்ப்பதைவிட மிஞ்சிய ஒன்று, எண்களோடு காட்ட வேண்டும். தனிப் பிசின் ஷீட் ஒன்று, வேறு இழை போட்டது ஒன்று, அளவைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இரண்டு, இத்தனையையும் ஒரே ரீஃபிலில் மடித்து அட்டவணை போடணும். நம் பையன்கள் நன்றாக வந்த ஷீட்டை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, கெட்டுப்போனதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கோ அந்தக் குப்பைதான் வேண்டும்.

இதையும் தாண்டினால், கண்டுபிடிப்புப் படி என்கிற கேள்வி. என் அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு வழக்கைப் படித்துக் காட்டினேன். மிர்சாப்பூரில் பாத்திரம் கடைகிறவர்களின் வழக்கு. லேத்தில் பாத்திரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சுழலும்போது கழன்று பறந்து ஆளை அடிக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து, லேத்தில் டெயில்ஸ்டாக் என்று சொல்கிற முனையிலிருந்து, கூர்முனைத் தண்டு ஒன்றால் அழுத்திப் பிடித்தார்கள். அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார்கள். 1978 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. தெரிந்ததைச் சேர்த்தாலும் திருத்தினாலும், அது பட்டறையில் யாரும் செய்யக்கூடிய திருத்தத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அப்பா கேட்டுவிட்டு, "டெயில்ஸ்டாக்குல சென்டர் குடுக்குறது எந்த டர்னருக்குடா தெரியாது?" என்றார். இருபது வருடமாக நான் கட்சிக்காரர்களுக்கு அரை மணிநேரம் விளக்குவது அந்த ஒரு வரியைத்தான். கூட்டுப்படலத்தில் கேள்வி இப்படி மாறும்: இந்தத் துறையில் பழகிய ஒருவர், முன்னால் வந்த ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இதைத்தான் அடுத்துச் செய்து பார்ப்பாரா? முந்தைய ஆவணம் ஒன்று 20-இலிருந்து 60 சதவீதம் இழை என்கிறது, நீங்கள் 32 என்கிறீர்கள் என்றால், அந்த 32-இல் அப்படி என்ன நடக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதுகிற உரிமைகோரலில் ஆசைக்கு அளவில்லாமல் எழுதுவதும் நடக்கிறது. "2,00,000 முறை மடித்தாலும் தழும்பு விழாத படலம்" என்று ஒரு வரி. நாளைக்கு நூறு தரம் மடித்தால் ஐந்தரை வருடம் வரும், நல்ல விஷயம்தான். ஆனால் எப்படி என்பது எங்கே? பலனை மட்டும் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாதவருக்குச் சட்டத்தின் பத்தாம் பிரிவு இடம் கொடுக்காது. தனக்குத் தெரிந்த சிறந்த முறையை விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருட உரிமை அதற்குத்தான் கூலி.

எனக்கு மிகவும் வலித்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு மாணவி பூச்சு ஒன்றைக் கொண்டுவந்தாள். நிஜமாகவே வாய் சிவந்த கலவை. ஆனால் கல்லூரிக் கண்காட்சியில் செய்முறையைப் போஸ்டராக ஒட்டி, வீடியோவும் ஏற்றியாகிவிட்டது. விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் புதியதில்லை. கண்காட்சிக்குச் சட்டத்தில் பன்னிரண்டு மாத விலக்கு உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்டு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு. அவளுடையது அப்படிப்பட்டதில்லை. தற்காலிக விண்ணப்பம் ஒன்றை முன்கூட்டியே போட்டிருந்தால், முழு விவரம் தர அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதம் கிடைத்திருக்கும். தனிநபர் ஆன்லைனில் போட 1,600 ரூபாய் கட்டணம். அவள் கண்காட்சி போஸ்டர் அடித்த செலவே அதற்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

சரி, நம் பையன். ஷீட்டில் குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். மே மாதம் மாடியில் தகரக் கொட்டகைக்கடியில் வைத்திருந்தபோது மத்தியானம் லேசாக மங்கியது, சாயங்காலம் தானே தெளிந்துவிட்டது என்றான். அவனுக்கு அது அவமானம். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. சூடு ஏறினால் பிசினின் ஒளிவிலகல் எண் இறங்கும், கண்ணாடியினுடையது கிட்டத்தட்ட அசையாது. காலையில் ஒத்துப்போன ஜோடி மத்தியானம் பிரிந்துவிடுகிறது. சென்னை வெயிலில் வண்டி டாஷ்போர்டில் கிடக்கிற போனுக்கு இது நிஜமான பிரச்சினை.

"அப்புறம் மங்கலையா?" என்றேன். இந்த வருடம் மங்கவில்லையாம். ஒன்றே ஒன்று மாற்றினானாம். என்ன மாற்றினான் என்று கடை வாசலிலேயே சொல்லவும் ஆரம்பித்தான். பக்கத்தில் இரண்டு பேர் டெம்பர்டு கிளாஸ் ஒட்டக் காத்திருந்தார்கள். வாயை மூடு என்று கையைக் காட்டி, வெளியே டீக்கடைக்கு அழைத்துப்போனேன்.

இப்போது பழைய டிவிடி டிரைவ் மோட்டாரில் ரீஃபிலைக் கட்டி, பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் மாற்றி மாற்றி மடித்துக்கொண்டிருக்கிறான். எண்கள் வந்ததும் விண்ணப்பம் போகும். அவன் மாற்றிய அந்த ஒன்று என்ன என்று நேயர்கள் கேட்கலாம். மன்னிக்க வேண்டும். இந்த மைக் முன்னால் நான் அதைச் சொன்னால், நாளைக்கு அவனுடைய விண்ணப்பத்துக்கு எதிராக வரும் முதல் ஆவணம் இந்த உரையாகத்தான் இருக்கும். வணக்கம்.