பாகவதர் கதையை யாரிடம் கேட்பது?

நடுவர் அவர்களே, மயிலாடுதுறைப் பெரியோர்களே, வணக்கம். இசைக் கலைஞரின் குடும்பம் சம்மதிக்காத வாழ்க்கை வரலாற்றைப் படிக்கலாமா, கூடாதா என்பது தலைப்பு. படித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கட்சி.

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனை எதிரணித் தலைவர் இழுத்தார். கேட்காமல் எழுதினால் அந்த மஞ்சள் பத்திரிகைதான் மிஞ்சும் என்றார். சரி, அந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1910இல் இதே ஊரில் பிறந்த பாடகர், நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் அதில் சிக்கினார். 1944 நவம்பரில் கொலை, டிசம்பரில் கைது, 1945இல் ஆயுள் தண்டனை, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு, 1947இல் விடுதலை. எல்லாம் கோர்ட்டுப் பதிவில் இருக்கிறது. இதை எழுத யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்?

1994இல், கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது. பொது ஆவணத்தில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் நுழைந்தால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். லட்சுமிகாந்தன் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எந்தப் புத்தகம் எந்தப் பக்கம் என்று வாசகருக்கு எப்படித் தெரியும் என்றார் எதிரணி அம்மா. நல்ல கேள்வி. முதல் அத்தியாயத்துக்கு முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள், சான்றுப் பட்டியல் இருக்கிறதா என்று. பிறகு பென்சில் எடுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து: ஆவணத்துக்கு 'ஆ', நேரில் கண்டவர் சொன்னதற்கு 'நே', செவிவழிக்கு 'செ'. ஒரு அத்தியாயம் முழுக்க 'செ' விழுந்தால் அதைக் கதையாகப் படித்துவிட்டு நகருங்கள்.

இந்த வகைப் புத்தகம் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். குடும்பம் கடிதமும் தராது, படமும் தராது. கடிதம் கைக்கு வந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதினவருக்கும் வாரிசுக்கும்தான். அப்படியே அச்சிட முடியாது. அந்தப் பள்ளத்தை ஆசிரியர் 'மனம் கலங்கினார்', 'இரவெல்லாம் விழித்திருந்தார்' என்று நிரப்புவார். அப்படிப்பட்ட வரி வந்தால் அடியில் கோடு போடுங்கள். அங்கே கையில் காகிதம் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து, தேதியை மோதவிடுங்கள். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படம் 1944 தீபாவளிக்கு வந்தது, அதாவது கைதுக்கு முன்னால். பாகவதர் சிறையில் இருந்தபோதும் சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடி மூன்று தீபாவளி கண்டது. விடுதலைக்குப் பிறகு எடுத்த படம் என்று ஒரு புத்தகம் சொன்னால், அதன் மற்றத் தேதிகளையும் நம்பாதீர்கள். சம்மதம் வாங்கிய புத்தகத்துக்கும் இதே சோதனைதான்.

அவ்வளவு கொண்டாடப்பட்டவர் 1959இல், 49 வயதில் போய்ச் சேர்ந்தார். சிறைக்கும் சாவுக்கும் நடுவே அந்தப் பன்னிரண்டு வருஷம் பாட்டு என்ன ஆனது, படம் என்ன ஆனது, பணம் என்ன ஆனது? வீட்டார் சரிபார்த்து அனுப்பும் புத்தகத்தில் அதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குவார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.